சாணத்துக்கு ஓர் ஆலோசனைக் குழு

காட்டுச் சாணத்தையும் சருகையும் செல்வமாக்க அரசு ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. தலைவர் யானை, செயலாளர் நரி. அறிக்கை வரும்வரை சாணத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

சாணி வண்டுக்குத் தலை சுற்றியது. ஈரச் சாணத்துக்குள்தான் அது முட்டையிடும். முட்டையோ இன்றே இட்டாக வேண்டும். நேரே கூட்டத்துக்குப் போய் நின்றது.

"ஐயா, அறிக்கை வருவதற்குள் சாணமெல்லாம் காய்ந்துவிடுமே!"

"காய்ந்தால் அதை ஆராயத் துணைக்குழு போடுவோம், தாயி," என்றது நரி.

"அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்," என்று யானை எழுந்தது. விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்த வயிறு. பின்னால் பொத்தென்று சாணம் விழுந்தது, ஆவி பறக்க.

வண்டு பாய்ந்துபோய் உருட்டத் தொடங்கியது.

"ஏய், உத்தரவு தெரியாதா?" என்று கத்தியது நரி.

"கோவிச்சுக்காதீங்க, ஐயா! இந்தக் கூட்டத்தில் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான்," என்று சொல்லிக்கொண்டே வண்டு உருட்டிப் போனது.