முதல் சிரிப்பு

சிரித்த பிறகுதான் அது தன்னுடைய சத்தம் என்று அவளுக்குத் தெரிந்தது.

அரங்கம் அமைதியாக இருந்தது. மேடையில் மைக்கோடு நின்றவன் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான்.

"இருபது வருஷமா ஒரு ஏசி வாங்குங்கன்னு கேட்டிருக்கா. மாட்டேன்னுட்டான். செத்த அன்னிக்குப் பாத்தா, அவன் மட்டும் ஐஸ் பெட்டிக்குள்ள ஜில்லுனு படுத்திருக்கான். பொண்டாட்டி வெளிய நின்னு விசிறிக்கிட்டு இருக்கா."

முன்வரிசையில் யாரோ "சே" என்றார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். மற்றவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று பக்கத்து முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் அவள் சிரித்தாள்.

வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது.

மேடையில் இருந்தவன் நெற்றியில் கையை வைத்துக் கூட்டத்தில் அவளைத் தேடினான்.

"அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு. அண்ணன் வந்திருக்காராக்கா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"வீட்ல இருக்காரா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"பத்திரமா இருக்கச் சொல்லுங்க."

மறுபடியும் சிரிப்பு. கேமரா அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

பக்கத்து இருக்கையில் ரெஜினா சிரிக்கவில்லை. ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரி. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே என்று டிக்கெட் எடுத்து இழுத்து வந்தவள். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளும் இவள்தான்.

"பூரணி," என்றாள் மெதுவாக. "போயிடலாமா?"

பூரணியின் கணவன் தியாகு இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

ஏசி வாங்கலாமா என்று பூரணியும் கேட்டதுண்டு. ஒவ்வொரு கோடையிலும் கேட்டாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "பாக்கலாம்" என்பான்.

அவனைப் பெட்டிக்குள் வைத்திருந்ததும் கொளுத்துகிற கோடையில்தான். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கை வைத்தாள். குளிர்ந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. அப்போது இதே நினைப்பு அவளுக்கும் வந்தது. வந்ததும் பயந்துபோய் ஓங்கி அழுதாள். எப்படித் துடிக்கிறாள் பார் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அந்த நினைப்பைத்தான் இவன் மைக்கில் சொல்லிவிட்டான்.

அன்று ராத்திரி வீட்டில் அத்தையிடம் ஆபீஸில் வேலை இழுத்துவிட்டது என்றாள். தியாகுவின் அம்மா ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றிக் கொடுத்தாள்.

மழைக்காலத்தில் நிகழ்ச்சி வெளியானது. அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி யாரோ பரப்பினார்கள். அவள் சிரிக்கிற துண்டு.

ஆபீஸ் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தாள்.

அக்கா வேற லெவல்.

சாவு வீட்டை வச்சு என்னடா ஜோக்கு.

பாவம் அந்த அண்ணன்.

இப்படி மனசு விட்டுச் சிரிக்கிற பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்.

கடைசியில் இருந்ததை இரண்டு தரம் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடி கூப்பிட்டாள்.

"இங்க வா."

கையில் போன். நாத்தனார் சுகந்தி அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

அத்தை அதை ஓடவிட்டாள். ஐஸ் பெட்டி வந்தது. "சே" வந்தது. சிரிப்பு வந்தது. வீட்ல இருக்காரா என்று அவன் கேட்டான். பூரணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் தன் தலை அசைவது பார்க்காமலே தெரிந்தது.

"அத்தை, நான்..."

அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள், சிரிப்பு தொடங்குகிற இடத்திலிருந்து. இன்னொரு முறையும் அங்கிருந்தே.

திட்டட்டும் என்று காத்திருந்தாள். திட்டிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

"இந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்லையே," என்றாள் அத்தை. "அவன் இருந்தப்ப நீ இப்படிச் சிரிச்சிருக்கியா?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பூரணி பத்து வருஷத்தையும் துழாவினாள். தியாகு கெட்டவன் இல்லை. குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. சாயங்காலம் வருவான். செய்தி பார்ப்பான். சாப்பிடுவான். நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போவான். அதற்குள் எங்காவது ஒரு சிரிப்பு இருக்குமா என்று தேடினாள்.

அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூரணி அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏன் சிரிக்காம? வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கேன் அத்தை. கொடைக்கானல்ல படகுல போறப்ப உங்க பிள்ளை ஒரு காரியம் பண்ணாரு பாருங்க..."

அவர்கள் கொடைக்கானல் போனதில்லை. சேர்ந்து எங்கேயுமே போனதில்லை. பத்து வருஷமும் அதே வீட்டில் இருந்த அத்தைக்கு அது தெரியும்.

அத்தை போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ம்," என்றாள். "அப்புறம்?"