சிஸ்டருக்குக் கிடையாது

மாத்தே என்னைத் தாண்டிப் போனது. இன்றோடு பத்தொன்பதாவது நாள்.

சால்ட்டோ ஊரின் ஆரஞ்சு பேக்கிங் கொட்டகையில் காலை பத்து மணிக்கு மெஷின் நிற்கும். எட்டுப் பெண்கள், பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு வட்டமாக உட்காருவோம். ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உலோகக் குழல். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி நீட்டியதும், மாத்தே என்கிற அந்தக் கசப்பு இலைச்சாற்றை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊற்றிக் கொடுப்பது எப்போதும் நெல்பாதான். எங்கள் வரிசைக்கு மூத்தவள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், கத்தரிக்கோல் வாய்.

என் முறை வந்ததும் அவள் கை என் தலைக்கு மேலேயே பக்கத்திலிருந்த மிர்த்தாவுக்கு நீண்டது.

"சிஸ்டருக்குக் கிடையாது. கான்வென்ட்ல படிச்சவங்க. நம்ம எச்சில் அவங்களுக்கு ஆகுமா?"

"வெள்ளிக் கிண்ணத்துல கொடு, குடிப்பாங்க," என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு மாத்தே தராமல் விடுவது முகத்தில் துப்புவது மாதிரி. நீட்டியதை வேண்டாமென்பது அதைவிட மோசம்.

உண்மையைச் சொன்னால், அவள் தராதது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிதான் கூடுதலாக வலித்தது.

எனக்கு லூபஸ். உடம்பின் காவல்படை உடம்பையே அடிக்கிற நோய். அதை அடக்க நான் விழுங்கும் மாத்திரை, காவலையே தூங்க வைத்துவிடும்.

"அடுத்தவங்களுக்கு வந்தா சளி. உனக்கு வந்தா ஆஸ்பத்திரி. யாரோட குழலையும் வாயில வைக்காதே. வெயிலும் உனக்கு ஆகாது," என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

காலையில் விரல்கள் மடங்காது. என் நாலு வயது பிலார் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போடப் பழகிவிட்டாள். மேல் பொத்தான் மட்டும் மாறிப் போயிருக்கும். அதைத் திருத்தக்கூட எனக்கு விரல் வராது. வேலைக்கு வந்து சேரும்போதே அந்த நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

முன்பு வேலை பார்த்த சலவைக்கடையில் நோயின் பெயரைச் சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். இங்கே மூன்று மாதம் சோதனைக் காலம். இன்னும் ஒன்பது வாரம் பாக்கி. நான் வாயே திறக்கவில்லை.

நெல்பா மாத்தேயோடு விடவில்லை. ஜன்னலோரம் நின்று பழம் பிரித்துக்கொண்டிருந்த என்னை இருட்டு மூலைக்கு அனுப்பி, ஒரு ஸ்டூலைப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாள்.

"வெயில்ல மகாராணி உருகிடுவாங்க. அங்கேயே கிடக்கட்டும்."

சூனியக்காரி என்று வீட்டில் அவளுக்குப் பெயரே வைத்துவிட்டேன்.

இன்று மாத்தே இரண்டாவது சுற்று வரும் முன்பே, சூப்பர்வைசர் கூப்பிட்டாரென்று நெல்பா எழுந்து போனாள். மிர்த்தா குடுக்கையை எடுத்தாள். இரண்டு நாளாக அவளுக்கு இருமல். ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, மறுபடி வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"இந்தா செலினா, அந்தக் கிழவி வர்றதுக்குள்ள குடிச்சிரு. எங்களுக்கே பாவமா இருக்கு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பிரியமாகத்தான் பார்த்தார்கள்.

'வேண்டாம்' தொண்டை வரை வந்தது. அடுத்து 'ஏன்?' வரும். அதன் பிறகு நோயின் பெயர். அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை.

வாங்கினேன். குழல் உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு கை குடுக்கையைப் பிடுங்கியது. வெந்நீர் என் மடியில் சிந்தியது.

"என் குடுக்கையில இவ வாய் படக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"நீயெல்லாம் ஒரு மனுஷியா நெல்பா?" என்றாள் மிர்த்தா.

கை கழுவும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நெல்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். என்னைப் பார்க்காமல் குடுக்கையைக் கழுவ ஆரம்பித்தாள்.

"நான் உங்களுக்கு என்னக்கா பண்ணேன்?"

ஏப்ரன் பையிலிருந்து எதையோ எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். பாதி காலியான மாத்திரை அட்டை. என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தொலைத்தது.

"நீ உக்காந்த பெட்டிக்கடியில கிடந்துச்சு. என் தங்கச்சி பதினோரு வருஷம் இதத்தான் முழுங்கினா. யார் மனசும் நோகக்கூடாது அவளுக்கு. நீட்டினதையெல்லாம் குடிச்சா. கடைசியா ஒரு சளிதான் வந்துச்சு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே குழாயை மூடினாள்.

"அப்புறம் எதுக்குக்கா இப்படி... எல்லாரும் உங்களைத்தானே திட்டுறாங்க?"

"நான் நீட்டினா நீ வேண்டாம்னு சொல்லணும். சொன்னா ஏன்னு கேப்பாங்க." குடுக்கையைக் கவிழ்த்து உதறினாள். "நான் கொடுக்கலேன்னா என்னைத் திட்டுறதோட போயிடும். திட்டட்டும் சிஸ்டர். என் வேலை நிரந்தரம்."