மூன்று கப்பல்களும் ஒரு ராகுகாலமும்

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ராகுகாலங்க. அப்பப் போய்க் கப்பல் ஏறுவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கணவனின் பயணப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் கஸ்தூரி.

சகாதேவனுக்குத் தலை சுற்றியது. மழைக்காலத்துக்கு முன் கடல் எப்படிச் சூடேறுகிறது என்று அளக்க இந்தியா, ரஷ்யா, அமெரிக்கா மூன்றும் மெட்ராஸிலிருந்து ஒன்றாகக் கப்பல் விடுகின்றன. இந்தியக் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

"வல்லரசுங்ககிட்ட போய் ராகுகாலம்னு சொன்னா சிரிப்பாங்கடி!"

"சிரிக்கட்டும். சாவி கிடையாது."

திருவண்ணாமலை தபாலாபீசிலிருந்து டிரங்க்கால் போட்டான். கஸ்தூரியும் கூடவே வந்து நின்றாள். மெட்ராஸில் ஏற்பாடுகளைக் கவனிக்கும் ரியாசுதீன் எடுத்தார்.

"சார், வெள்ளிக்கிழமை அலை ஜாஸ்தியா இருக்கும்போல. சனிக்கிழமை வெச்சுக்கலாமா?"

திருவண்ணாமலையில் ஏது அலை என்று தபாலாபீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பாடா!" என்றார் ரியாசுதீன். "அமெரிக்காக்காரர் காத்து சரியில்லைன்னார். விசாரிச்சா, வெள்ளிக்கிழமை கப்பல் எடுத்தா அவங்களுக்கு ஆகாதாம். திங்கட்கிழமைன்னா ரஷ்யாக்காரர் மேகம் சரியில்லைங்கறார். அவங்களுக்குத் திங்கள் ஆகாதாம். நீங்க இதையெல்லாம் நம்பாதவராச்சே, எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தோம்."

சகாதேவனின் நெஞ்சு நிமிர்ந்தது. "பரவாயில்ல சார். அவங்க நம்பிக்கையையும் மதிக்கணும். நான் விட்டுக்கொடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"பெரிய மனசு சார் உங்களுக்கு! அப்ப சனிக்கிழமை ஒம்பதரைக்குக் கிளம்பிடலாமா?"

"ஒம்பதரைக்கா?"

வெளியே எடுத்த சாவியைக் கஸ்தூரி மறுபடி இடுப்பில் செருகினாள்.

"பத்தரைக்கு மேல வெச்சுக்கலாம் சார்," என்றான் சகாதேவன். "அப்பதான் அலை அடங்கும்."