ட்ரீவாவின் புகார்

"பயந்தது நடந்துடுச்சு ஆர்லீன். புகார் வந்தாச்சு. யார் கொடுத்ததுன்னு மட்டும் கேட்காதே" என்று தாளை மேசையில் வைத்தார் தலைமையாசிரியர் ஹாலிஸ்.

நூலகர் ஆர்லீன் கேட்கவில்லை. கையெழுத்தைப் பார்த்தாள். ட்ரீவா! இருபது வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்லீனுக்குப் பக்கத்து இடம் அவளுடையதுதான். அவளா இப்படி?

புகார், சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றிய அந்தக் கதைப் புத்தகத்தின் மேல். எழுதியவர் இதே கென்டக்கி மலைக்காரர். அதனால் வசவும் சாராயமும் இந்த ஊரில் இருக்கிறபடியே அதிலும் இருக்கும். பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருந்து வாங்கிப் படிக்கிற புத்தகம் அந்த நூலகத்தில் அது ஒன்றுதான்.

"டால்டன் ரைஸ் கும்பல்தான் அடுத்த மாசம் வக்கீலோட வரப்போகுதுன்னு பயந்துகிட்டிருந்தேன் சார். பக்கத்து ஊர்ல புகார் கொடுத்தே நூலக அலமாரியைக் காலி பண்ணினவங்க. கடைசியில என் சிநேகிதியே முந்திக்கிட்டா!" ஆர்லீன் தாளை அவர் பக்கமே தள்ளினாள்.

"புத்தகத்தை வைக்கிறதா எடுக்கிறதான்னு முடிவு பண்ணப் புதன்கிழமை கமிட்டி கூடுது. ஏழு ஓட்டு. தைரியமா இரு" என்றார் ஹாலிஸ். அவர் குரலிலேயே தைரியம் இல்லை.

ஆர்லீன் நேரே பேருந்து ஷெட்டுக்குப் போனாள்.

"ஏன்டீ, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

ட்ரீவா பேருந்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "என் பொண்ணு இங்கே படிக்கிறா. புகார் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு" என்றாள்.

"அந்தப் புத்தகத்தை அவளுக்கு வாங்கிட்டுப் போனதே நீதானே!"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

பேருந்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள், கல்நெஞ்சக்காரி.

புதன்கிழமை. ஆர்லீன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கமிட்டிக்கு முன்னால் ட்ரீவா எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

"முப்பத்தாறாம் பக்கம். ஒரு பொம்பளை சோள ரொட்டியில சர்க்கரை போடுறா. நம்ம மலையில எவளாவது போடுவாளா? இதைப் படிச்சா பிள்ளைங்க என்னத்துக்கு ஆகும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வேற ஏதாவது?" என்றார் ஹாலிஸ்.

"நாய் செத்துப்போகுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"கெட்ட வார்த்தை, ஆபாசம்... அந்த மாதிரி?"

"அட போங்க சார்! என் பஸ்ஸுல தினம் கேட்கிறதுல கால்வாசி கூட அதுல இல்லே."

ஏழு கைகளும் உயர்ந்தன. புத்தகம் நூலகத்திலேயே இருக்கலாம்!

ஆர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தை மிஞ்சிக்கொண்டு கோபம் வந்தது. "ரொட்டிக்கும் நாய்க்குமாடீ என்னை இந்தப் பாடு படுத்தினே? ஒரு வாரமா சோறு இறங்கலை எனக்கு!"

ட்ரீவா பதில் சொல்வதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு டால்டன் ரைஸ் நுழைந்தார். கையில் ஒரு கட்டுத் தாள்.

"விசாரணைன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, போகட்டும். இந்தாங்க, எண்பத்திரண்டு பேர் கையெழுத்து. அடுத்த மாசம் இதே அறை, இதே புத்தகம். ஆனா பேசப்போறது எங்க வக்கீல்! அப்போ பார்க்கிறேன், எத்தனை கை தூக்குதுன்னு."

ஆர்லீன் ஹாலிஸைப் பார்த்தாள். இந்த ஆளிடம் எப்படித் தப்பிப்பது?

ட்ரீவா நிதானமாகக் கோட்டை மாட்டிக்கொண்டாள். "சார், நம்ம பள்ளிக்கூட விதிகள்ல பதினோராம் பக்கத்தை இவருக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

ஹாலிஸ் புரட்டி வாசித்தார். "கமிட்டி விசாரித்து, வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்த புத்தகத்தின் மேல், அடுத்த ஐந்து வருடங்களுக்கு யாரிடமிருந்தும் புகார் ஏற்கப்படமாட்டாது."

"முன்னாடியே சொல்லியிருந்தா உன் மூஞ்சி காட்டிக் கொடுத்திருக்கும்டீ" என்று ஆர்லீனின் காதில் சொல்லிவிட்டு, பேருந்தை எடுக்கக் கிளம்பினாள் ட்ரீவா.