எங்கள் மாணவி

பல்கலைக்கழகத்துக்கு வெள்ளிவிழா. வரலாற்று மலரை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில், பதிவாளரே அந்தச் சின்ன வீட்டுப் படியேறினார்.

"உங்க மகளோட ஆராய்ச்சிக் கட்டுரையாலதாம்மா எங்க பேரு முதல்முதலா வெளியே தெரிஞ்சிருக்கு. பழைய இதழ்ல தேடிக் கண்டுபிடிச்சோம். மலர்ல முதல் பக்கமே அவங்கதான். ஒரு போட்டோ வேணும்."

அந்த அம்மாள் கண்கொட்டாமல் பார்த்தாள். "அவ உங்ககிட்டதான் படிச்சாளா சார்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! எங்க மாணவின்னு மார்தட்டிச் சொல்வோம்."

"எழுதித் தருவீங்களா?"

பெற்ற மனம் ஆசைப்படுகிறது என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பல்கலைக்கழகத் தாளிலேயே எழுதி, வால் நீண்ட தன் கையெழுத்தைப் போட்டார்.

"விழாவுக்கு அவங்க அவசியம் வரணும். இப்ப எங்க இருக்காங்க?"

உள்ளே போனவள், போட்டோவோடு பழுப்பேறிய தாள் ஒன்றையும் கொண்டுவந்து, புதுத் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

'ஆய்வுக்கூடத் தீ விபத்தில் இறந்த பெண் எங்கள் மாணவி அல்லர்.' தேதி, இருபது வருடத்துக்கு முந்தியது. அடியில் அதே வால் நீண்ட கையெழுத்து. அன்றைக்கு அவர் போட்ட நூறு கையெழுத்தில் அதுவும் ஒன்று.

"மாணவி இல்லேன்னா திருடப் போனவதான்னு ஊரே பேசுச்சு சார். அதைக் கேட்டுக் கேட்டே அவங்க அப்பா போய்ச் சேர்ந்தார்."

அவள் போட்டோவை நீட்டினாள்.

"இன்னிக்குத்தான் சார் எம் பொண்ணுக்கு அட்மிஷன் கிடைச்சிருக்கு."