பிடித்துவைத்த இடம்

இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு நேராக ஆராதனைக்கு வந்திருந்தாள் நர்ஸம்மா. கால் இரண்டும் கெஞ்சின. இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்ததும், வழக்கம்போலக் கைப்பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள்.

இடம் காட்டும் பெரியவர் வந்தார். "இன்னைக்கு நல்ல கூட்டம்மா. பையை எடுத்தா ஒருத்தர் உக்காரலாம்."

"என் தங்கச்சி வருவா, ஐயா."

"ஏழு வருஷமா இதையேதானேம்மா சொல்றே?"

அம்மா விட்டுப்போன தையல் மிஷினுக்காகச் சண்டை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் தங்கை. அவளுக்காக நர்ஸம்மா ஜெபிக்காத நாளில்லை. ஆராதனை முடிந்தாலும் எழமாட்டாள். கடைசி ஆள் வெளியேறும்வரை முழங்காலில் நின்று, மூடிய கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்று தெம்பில்லை. பையைத் தூக்கிக் காலடியில் போட்டாள். "யாரை வேணும்னாலும் உக்கார வைங்கய்யா. நான் ஓஞ்சு போயிட்டேன்."

கண்ணை மூடினாள். 'ஆண்டவரே, காத்திருந்தது போதும். இனிமேல் கேட்கமாட்டேன்.'

பக்கத்தில் யாரோ வந்து உட்காரும் சத்தம். ஒரு கை தயங்கித் தயங்கி அவள் கையைத் தொட்டது.

"அக்கா..."

தங்கையேதான்! நர்ஸம்மா அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "எப்படி... எப்ப வந்தே?"

"நாலு மாசமா வாராவாரம் வர்றேன்க்கா. கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன். உன் பக்கத்துல வந்து உக்காரலாம்னு எழுந்திருப்பேன், பை இருக்கும். முடிஞ்சதும் பேசலாம்னா, நீ கண்ணையே திறக்கமாட்டே. திரும்பிப் போயிடுவேன்."

கீழே கிடந்த பையைப் பார்த்தபடி, தங்கை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இத்தனை நாளா யாருக்குக்கா இடம் பிடிச்சு வச்சிருந்தே?"