இரவல் கை

பார்வையாளர் நேரம் என்று வாட்ச்மேன் கேட்டைத் திறந்ததுமே ரயில் டிரைவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டார்.

கையில் பழம் இல்லை, பிஸ்கட் பாக்கெட் இல்லை. அவர் நலம் விசாரிக்க வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார்.

“ரயில்ல அடிபட்ட ஆள் எங்க இருக்கான்?”

எலும்பு வார்டு, ஜன்னலோரக் கட்டில் என்றார் வாட்ச்மேன்.

படி ஏறும்போதே டிரைவருக்கு உடம்பு கொதித்தது.

அன்று பட்டப்பகலில், வளைவு திரும்பியதும், அந்த ஆள் தண்டவாளத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தான். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே பிரேக்கை இழுத்தார். அவன் நகரவில்லை. முகம் சரியாகத் தெரியவில்லை. வெளிர்நீலச் சட்டை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் போதும், அவருடைய வலது கை தானாக எதையோ பிடித்து இழுத்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு அப்படித்தான் கவிழ்ந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் தரையைத் துடைத்தாள். ஒன்றும் சொல்லாததற்காக அவள்மேல் எரிந்து விழுந்தார்.

கண்ணயர்ந்தால் அதே வளைவு.

அதிகாரி போன் செய்து முதலில் கேட்டது, வண்டி எவ்வளவு நேரம் தாமதம் என்று. ஆபீஸ் டாக்டர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், வேலைக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டார். தூங்குகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சினன் வந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, “உங்க மேலதான் தப்பே இல்லையே மாமா, அப்புறம் எதுக்கு மண்டையப் போட்டு உடைச்சுக்கிறீங்க?” என்றான்.

எல்லோர்மேலும் வந்த கோபம் போக்கிடம் இல்லாமல் அவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டான் என்று உடன் வேலை பார்ப்பவர் ஆறுதலாகச் சொன்ன அன்று, அந்தக் கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைத்தது.

ஜன்னலோரக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். தலையைச் சுற்றிக் கட்டு. ஒரு காலை மாவுக்கட்டோடு தூக்கிக் கட்டியிருந்தார்கள். முகம் வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் துணைக்கு யாரும் இல்லை.

“என்னைத் தெரியுதா?”

தெரியவில்லை என்று அவன் தலையசைத்தான்.

“எப்படித் தெரியும்? தண்டவாளத்துல நின்னியே, அந்த வண்டிய ஓட்டுனவன் நான்தான்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். டிரைவர் விடவில்லை.

“உன் கஷ்டம் உனக்குப் பெருசா இருந்திருக்கும். அதுக்கு என் கைய எதுக்குய்யா இரவல் வாங்கின? பிரேக்க முழுசா இழுத்தேன்யா. அதுக்கு மேல இழுக்க அங்க ஒண்ணுமில்ல. இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கேன். சோறு திங்க முடியல. ஹாரன் சத்தம் கேட்டா நடுரோட்டுல நின்னுடுறேன். என் பொண்ணு என்கிட்ட பேசவே பயப்படுறா. எல்லாரும் நீ பொழச்சதையே பேசுறாங்க. நான் இருக்கேனான்னு எவனாவது கேட்டானா?”

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து ஏதோ சொல்லப் போனார். அவன் கையைத் தூக்கி அவரை அடக்கினான்.

டிரைவர் இன்னும் கத்தினார். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்ததை எல்லாம் கொட்டினார். கெட்ட வார்த்தையும் வந்தது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினார். தூக்கிக் கட்டியிருந்த கால் ஆடியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை.

கடைசியில் டிரைவரிடம் வார்த்தை தீர்ந்துபோனது.

“தப்புதாங்க,” என்றான் அவன். “வண்டிக்குள்ளயும் ஒரு மனுசன் இருக்காருன்னு அப்ப தோணல. மன்னிச்சிடுங்க.”

பிறகு, கட்டிலுக்கு அடியில் ஸ்டூல் இருப்பதாகக் கையைக் காட்டினான்.

டிரைவர் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான்.

போக எழுந்தபோது டிரைவர் அவன் காலைப் பார்த்தார். உலுக்கியதில் நகர்ந்திருந்த தலையணையைச் சரியாக வைத்தார். வெளியே வந்தார்.

வார்டு வாசலில் மேஜை போட்டு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனாலும் கால் நின்றது.

“அந்த ரயில்ல அடிபட்டவருக்கு... கால் சரியாயிடுமா?”

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் முந்தாநாளே இறந்துட்டாரே சார். இப்ப அந்தக் கட்டில்ல இருக்கிறவர் பெயிண்டர். சாரத்துலேர்ந்து விழுந்து நேத்துதான் வந்தார்.”

டிரைவர் வார்டுப் பக்கம் திரும்பினார். ஜன்னலோரத்தில் பெயிண்டர் கண்ணை மூடியிருந்தார். வலியில் நெற்றி சுருங்கியிருந்தது.

“பாவம், இறந்தவரு இத்தனை நாள் கிடந்தும் பாக்க ஒருத்தர்கூட வரல,” என்றாள் நர்ஸ். “நீங்க அவருக்கு என்ன வேணும்?”